முந்நூற்றுப் பத்து கிராம் ரவுட்டர்

கேட்ட கேள்விக்கு உண்மையைச் சொன்னான் என்பதைத் தவிர ஃபிக்ரீ வேறு எந்தத் தப்பும் செய்யவில்லை. எங்கள் ஊர்த் தொலைபேசி நிலையத்தில் அது சின்னத் தப்பல்ல.

நாங்கள் மூன்று பேர் ஒரே வீட்டில் வாடகைக்கு இருந்தோம். நஸீஃப் மருத்துவக் கல்லூரியில் நான்காம் ஆண்டை மூன்றாவது வருடமாகப் படித்துக்கொண்டிருந்தான். நான் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துபவன். ஃபிக்ரீ, கெய்ரோவில் இருக்கும் ஒரு கம்பெனிக்காகத் தண்ணீர் பம்பு, தையல் இயந்திரம் இவற்றின் கையேடுகளை மொழிபெயர்த்து இன்டர்நெட்டில் அனுப்புகிறவன். பைஜாமாவைக் கழற்றாமலே சம்பாதிக்கிற மனிதனை எங்கள் தெரு அதற்குமுன் பார்த்ததில்லை. அவனுடைய வருங்கால மாமனார் ஹாஜ் ஷெஹாத்தாவும் பார்த்ததில்லை. அவர் தரை ஓடு வியாபாரி. வேலை என்றால் சாயங்காலம் கால் வலிக்க வேண்டும் என்று நினைக்கிறவர். மகள் ராந்தா இரண்டு வருடம் அழுது, பட்டினி கிடந்து, கதவைச் சாத்திக்கொண்டு அவரைச் சம்மதிக்க வைத்திருந்தாள். நிச்சயதார்த்தம் முடிந்து, ஃபிக்ரீ நாற்பத்திரண்டு கிராம் தங்கமும் போட்டாகிவிட்டது. ரமதான் முடிந்ததும் கல்யாணம். ஹாஜுக்கு மட்டும் அந்தப் பைஜாமா இன்னும் உறுத்திக்கொண்டிருந்தது. ஒரு சாக்குக் கிடைத்தால் போதும், எல்லாவற்றையும் கலைத்துவிடுவார் என்று ஃபிக்ரீக்குத் தெரியும்.

வீட்டில் இன்டர்நெட் இணைப்பு ஒன்று, கம்ப்யூட்டர் மூன்று. முதலில் ஒரே வயரை மாற்றி மாற்றிச் சொருகிக்கொண்டிருந்தோம். நஸீஃப் விளையாட்டில் யாரையாவது சுடப்போகும் நேரம் பார்த்து ஃபிக்ரீ தண்ணீர் பம்பை அனுப்ப வேண்டும் என்பான். நட்பு முறியும் நிலை வந்ததும், மூவரும் சேர்ந்து நான்கு துளை உள்ள ஒரு ரவுட்டர் வாங்கினோம். இரண்டு நாள் சொர்க்கம். மூன்றாம் நாள் இணைப்பு ஆமை வேகத்துக்கு இறங்கியது. ஃபிக்ரீ நிலையத்துக்குப் போன் செய்தான்.

"எத்தனை கம்ப்யூட்டர்?" என்றது ஒரு பெண் குரல்.

சோபாவில் படுத்திருந்த நஸீஃப் பதறி எழுந்து ஒற்றை விரலைக் காட்டினான். ஃபிக்ரீ அவனைப் பார்த்துக்கொண்டே, "மூணு, மேடம்" என்றான்.

"மூணா?"

"ஆமா. ரவுட்டர் வச்சுப் பிரிச்சிருக்கோம்."

"யாரைக் கேட்டுப் பிரிச்சீங்க?"

அவன் போனை வைப்பதற்குள் ரவுட்டரின் பச்சை விளக்கு அணைந்துவிட்டது. பழுதுபார்க்கப் பதினைந்து நாள் எடுத்துக்கொள்ளும் நிலையம், வெட்டுவதற்குப் பதினைந்து நொடிகூட எடுத்துக்கொள்ளவில்லை.

"உன் வாயில இருக்கிறது நாக்கா, போலீஸ் ஸ்டேஷனாடா?" என்று நஸீஃப் கத்தினான். "எதிர் வீட்டுக்காரன் ஒரே லைன்ல ஏழு மாடிக்கு வயர் இழுத்திருக்கான். அவனை எவனாவது கேட்டானா?"

"கேட்டாச் சொல்லித்தானே ஆகணும்?" என்றான் ஃபிக்ரீ. அவன் அப்படித்தான். யாருமே இல்லாத வீதியிலும் சிவப்பு விளக்குக்கு நிற்பான். பின்னால் வருகிறவர்கள் திட்டுவார்கள்.

மறுநாள் நானும் அவனோடு நிலையத்துக்குப் போனேன். நான்காம் எண் ஜன்னலில் மேடம் இன்ஸாஃப் உட்கார்ந்து, மகளின் பள்ளிக்கூட நோட்டுகளுக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தார்.

"பகிர்வு அனுமதிக்கு ஃபாரம் இருக்கு. ஆனா தீர்ந்துபோச்சு" என்றார். அவர் கையிலிருந்த நோட்டின் அட்டையில் "பகிர்வு அனுமதி விண்ணப்பம்" என்று அச்சிட்டிருந்தது. எண்ணிப் பார்த்தேன். ஒன்பது நோட்டுகள்.

"வெள்ளைத் தாள்ல எழுதுங்க உஸ்தாத். அரசாங்க மொழியில எழுதுங்க. ரவுட்டர், இன்டர்நெட்டுன்னு வெளிநாட்டு வார்த்தையெல்லாம் போட்டா வாங்க மாட்டோம்." நாலெழுத்துப் படித்தவர் எல்லோரும் எங்கள் ஊரில் உஸ்தாத்.

ஃபிக்ரீ எழுதினான்: "என் பெயரில் உள்ள ஷபகாவை, என்னுடன் வசிக்கும் இரு நண்பர்களோடு சமமாகப் பிரித்துக்கொள்ள அனுமதிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்."

விண்ணப்பம் செல்லுபடியாக அரசாங்கத்தின் கழுகு முத்திரை வேண்டும். முத்திரை பெட்டகத்தில் இருந்தது. பெட்டகத்தின் சாவியை வைத்திருப்பவர் மாமியாரை ரயில் ஏற்றிவிடப் போயிருந்தார். மூன்று நாள் நடந்தோம். மூன்று நாளும் அந்த அம்மாவுக்கு ரயில் கிடைக்கவில்லை. நான்காம் நாள் முத்திரை விழுந்தது, தலைகீழாக. கழுகு மல்லாந்து கிடந்தது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கம்ப்யூட்டர் வலைக்கு எங்கள் அரபு மொழியில் ஷபகா என்று பெயர். நிச்சயதார்த்தத்தில் பெண்ணுக்குப் போடும் தங்கத்துக்கு ஷப்கா என்று பெயர். வாயால் சொன்னால் வேறு வேறு. எழுத்தில் இரண்டும் அதே நான்கு எழுத்து. வித்தியாசம் காட்டும் குறிகளை நாங்கள் பள்ளிக்கூடத்தோடு விட்டுவிடுகிறோம். மூளை உள்ளவன் இடம் பார்த்துப் படித்துக்கொள்வான் என்ற நம்பிக்கைதான்.

அந்த நம்பிக்கை நிலையத்தின் இரண்டாம் மாடி வரை செல்லாது. அங்கே சட்டப் பிரிவில் இருந்த உஸ்தாத் மெத்வல்லி, குடும்ப நீதிமன்றத்திலிருந்து இரண்டு மாதம் முன்புதான் மாற்றலாகி வந்தவர். இருபத்தைந்து வருடம் முறிந்த நிச்சயதார்த்தங்களின் வளையல்களை எண்ணியவர். ஃபிக்ரீயின் தாளைப் படித்தார். மணப்பெண்ணுக்குப் போட்ட தங்கத்தைத் தானும், கூட வசிக்கும் இரண்டு ஆண்களுமாகப் பங்குபோட்டுக்கொள்ள ஒருவன் அனுமதி கேட்கிறான் என்று புரிந்துகொண்டார். இது ஏன் தொலைபேசி நிலையத்துக்கு வந்தது என்று அவர் கேட்கவில்லை. மேஜைக்கு வந்த காகிதத்தை ஏன் வந்தாய் என்று கேட்பது அங்கே வழக்கமில்லை.

ஒரு வாரத்தில் பதினொரு கேள்விகள் அடங்கிய தாள் வீட்டுக்கு வந்தது. நாங்கள் மூவரும் வட்டமாக உட்கார்ந்து அதை நிரப்பினோம். எங்களுக்கு அதிலிருந்த ஷபகா எல்லாமே வலைதான்.

"ஷபகாவை வாங்கியது யார்?" மூவரும் சேர்ந்து என்று ஃபிக்ரீ எழுதினான்.

"தற்போது எங்கே உள்ளது?" வரவேற்பறையில், டிவிக்கு மேல்.

"யார் யார் எப்போது பயன்படுத்துகிறார்கள்?" பகலில் ஃபிக்ரீ, இரவில் நஸீஃப், வெள்ளிக்கிழமை மட்டும் ஜலால். ஜலால் என்பது நான்.

"எடை?"

"எடையா?" என்றேன். "ரவுட்டரோட எடை இவங்களுக்கு எதுக்குடா?"

"அரசாங்கம்டா. அடுத்து அதோட ரத்த வகை கேப்பாங்க. அதுக்குத்தான் நான் டாக்டருக்குப் படிக்கிறேன்" என்றான் நஸீஃப்.

தோராயமாக எழுதிவிடலாம் என்றோம். ஃபிக்ரீ கேட்கவில்லை. ரவுட்டரைத் தூக்கிக்கொண்டு கீழே மளிகைக் கடைக்குப் போனான். கடைக்காரர் வெள்ளைச் சீஸைத் தராசிலிருந்து எடுத்துவிட்டு, துடைத்து, ரவுட்டரை வைத்தார். முந்நூற்றுப் பத்து கிராம். வயர் நீங்கலாக.

கடைசிக் கேள்வி: "விண்ணப்பதாரருக்கு நிச்சயம் ஆகியிருந்தால், பெண்ணின் தந்தை பெயர், முகவரி." குடிநீர்க் குழாய்க்கு விண்ணப்பித்தாலும் இங்கே இதெல்லாம் கேட்பார்கள். ஃபிக்ரீ பெருமையாக, அழகான கையெழுத்தில் எழுதினான்.

அடுத்த திங்கட்கிழமை ஹாஜ் ஷெஹாத்தாவின் வீட்டு வாசலில் மூன்று பேர் கொண்ட குழு ஒன்று நின்றது. உஸ்தாத் மெத்வல்லி, நகைத் தராசோடு. முத்திரைக்காரர், மாமியார் பிரச்சினை தீர்ந்து. அப்புறம் ஏணியோடு ஒரு லைன்மேன். நிலையத்தின் எந்தக் குழு வெளியே கிளம்பினாலும் ஒரு லைன்மேன் போக வேண்டும் என்பது விதி. தங்கத்தை எடைபோட ஏணி எதற்கு என்று அவருக்கும் தெரியவில்லை. சும்மா இருக்க வேண்டாமே என்று ஹாஜ் வீட்டுப் போனைச் சரிபார்த்தார். அதுவரை ஒழுங்காக இருந்த போன் அன்றோடு போயிற்று.

ராந்தாவின் வளையலும் மோதிரமும் சங்கிலியும் தராசில் ஏறின. நாற்பத்திரண்டு கிராம்.

"மீதி எங்க, ஹாஜ்?" என்றார் மெத்வல்லி.

"எந்த மீதி?"

"முந்நூத்திப் பத்துன்னு உங்க மாப்பிள்ளை தன் கையாலயே எழுதிக் குடுத்திருக்காரு. வயர் நீங்கலாக."

பிறகு அவர் பதில்களை ஒவ்வொன்றாக வாசித்தார். மூவரும் சேர்ந்து வாங்கினார்கள். டிவிக்கு மேல் இருக்கிறது. பகலில் ஒருவர், இரவில் ஒருவர், வெள்ளிக்கிழமை ஒருவர். ஹாஜ் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பக்கத்து அறையிலிருந்த ராந்தாவுக்கு ஒரே நொடியில் விளங்கிவிட்டது. விழுந்து விழுந்து சிரித்திருக்கிறாள். அவள் சிரித்தது நிலைமையை மோசமாக்கியது.

அன்று மாலையே ஃபிக்ரீயைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். அவனும் ராந்தாவும் மாறி மாறி ஒரு மணி நேரம் விளக்கியதில் ஹாஜுக்குப் பாதி புரிந்தது.

"சரி தம்பி, நீ சொல்றது நிஜமாவே இருக்கட்டும். ஆனா ஏணியோட வந்து நின்னதைத் தெருவே பார்த்திருக்கு. என் மாப்பிள்ளை எனக்குத் தெரியாம கால் கிலோ தங்கத்தை வேற எவளுக்கோ போட்டிருக்கான்னு பேச்சு. தப்பு நடந்துபோச்சுன்னு ஒரே ஒரு காகிதம், கழுகு முத்திரையோட, வியாழக்கிழமைக்குள்ள கொண்டாந்து குடு. இல்லேன்னா உன் நாப்பத்திரண்டு கிராமை எடுத்துக்கிட்டுப் போ."

"கொண்டுவர்றேன் ஹாஜ்" என்றான் ஃபிக்ரீ. வீட்டுக்கு வந்து பைஜாமாவைத் தூக்கி எறிந்துவிட்டு, கால்சட்டையோடு தூங்கினான்.

புதன்கிழமை காலை நிலையத்தின் இயக்குநர் இஸ்ஸத் பேயின் அறையில் நின்றோம்; பெரிய மனிதர்களை எங்கள் ஊரில் பே என்றுதான் அழைப்போம். மெத்வல்லியும் மேடம் இன்ஸாஃபும் கூப்பிடப்பட்டிருந்தார்கள். ஃபிக்ரீ பிளாஸ்டிக் பையிலிருந்து ரவுட்டரை எடுத்து மேஜைமேல் வைத்தான்.

"இதுதான் பே, நான் எழுதின ஷபகா."

மெத்வல்லி அதைத் தூக்கி, திருப்பிப் பார்த்தார். "இதை எப்படிப் பொண்ணு கழுத்துல போடுறது?"

"இது வலை, உஸ்தாத். தங்கமில்ல."

"எழுத்து ஒண்ணுதானே? எழுதியிருந்ததை நான் வாசிச்சேன். குறி போட்டு எழுத வேண்டியது உங்க பொறுப்பு."

"உஸ்தாத், தொலைபேசி நிலையத்துல வந்து யார் நகையைப் பத்தி எழுதுவாங்க?" என்றேன் நான், பொறுக்க முடியாமல்.

"யார் வேணும்னாலும் எழுதுவாங்க. போன மாசம் ஒருத்தர் தன் எருமை காணோம்னு எழுதினாரு. நாங்க ஏத்துக்கிட்டோம். இன்னும் பரிசீலனையில இருக்கு."

இஸ்ஸத் பே தொண்டையைச் செருமினார். அவர் பேசப்போகிறார் என்று தெரிந்ததும் மேடம் இன்ஸாஃப் நோட்டுக்கு அட்டை போடுவதை நிறுத்தினார்.

"தப்புன்னு எழுதிக் குடுக்கச் சொல்றீங்க. உஸ்தாத், இந்த நிலையம் முப்பத்தெட்டு வருஷமா ஒரு தப்புகூடப் பண்ணினதில்ல. எப்படித் தெரியுமா? தப்புன்னு ஒரு காகிதம்கூட இங்கேருந்து வெளிய போனதில்ல. இன்னிக்கு உங்களுக்கு ஒண்ணு குடுத்தேன்னு வைங்க, நாளைக்கு லைன் வரலைங்கிறவன் வருவான், பில்லு தப்புங்கிறவன் வருவான். அவங்க எல்லாரும் சொல்றது நிஜமா இருந்துட்டா நிலையத்தோட கதி என்ன?"

"என் கதி என்ன, பே?"

"உங்களுக்கு ஒருத்தி போனா இன்னொருத்தி. நிலையம் ஒண்ணுதானே இருக்கு?"

ஃபிக்ரீ ரவுட்டரை எடுத்துத் திரும்பப் பைக்குள் வைத்தான். அவன் முகத்தை அப்படி நான் பார்த்ததில்லை. அந்த மேஜைமேல் விரித்திருந்த கண்ணாடிப் பலகையை எடுத்து இஸ்ஸத் பேயின் தலையில் உடைக்க என் கை துடித்தது. உடைத்திருக்க வேண்டும்.

மேடம் இன்ஸாஃபுக்குத்தான் மனம் இரங்கிற்று. "வழி இருக்கு, பே. விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கிக்கிறேன்னு எழுதிக் குடுத்தா கோப்பு ரத்து. எடைபோட்டதும் ரத்து. ரத்துன்னு கழுகு முத்திரையோட இன்னிக்கே காகிதம் போகும், ரெண்டு தரப்புக்கும்."

"ரத்துன்னு போட்டிருக்குமா?" என்றான் ஃபிக்ரீ.

"பெரிய எழுத்துல."

நான் அச்சகக்காரன். இந்த முறை விட்டுவிடக்கூடாது என்று, அவன் எழுதிய தாளை வாங்கி, ஒவ்வொரு எழுத்துக்கும் குறி போட்டேன். மேலே, கீழே, எதையும் விடவில்லை. ஷபகா என்ற சொல்லில் வேறு எப்படியும் படிக்க முடியாதபடி அழுத்திப் போட்டேன். தாளைப் பார்த்தால் ஏதோ முதல் வகுப்புப் பாடம்போல இருந்தது.

மேல்மாடித் தட்டச்சரும் அதையேதான் நினைத்தார். "குறியெல்லாம் சின்னப் பிள்ளைங்களுக்கு. அரசாங்கம் குறி போடாது" என்று எல்லாவற்றையும் எடுத்துவிட்டு அடித்தார். அதோடு, "ஷபகாவுக்கான விண்ணப்பத்தைத் திரும்பப் பெறுதல்" என்பது நீளமாக இருக்கிறது என்று பொருள் வரியைச் சுருக்கினார். முத்திரைக்காரர் அன்று இருக்கையிலேயே இருந்தார். முப்பத்தெட்டு வருடத்தில் முதல் முறையாக நிலையம் ஒரு வேலையை அன்றைக்கன்றே முடித்தது. மோட்டார் சைக்கிளில் ஆள் அனுப்பியது. நாங்கள் வீடு போய்ச் சேரும் முன் கடிதம் ஹாஜின் கடைக்குப் போய்விட்டது.

ஹாஜின் மூக்குக் கண்ணாடி வீட்டில் இருந்தது. கடையில் ஓடு பார்க்க வந்தவர்கள், ஓடு இறக்குகிறவர்கள், தேநீர்க்காரர் என்று பதினோரு பேர். கடிதம் கொண்டுவந்தவன் உதவிசெய்யும் நோக்கத்தில் உரக்க வாசித்தான்.

"பொருள்: ஷப்காவைத் திரும்பப் பெறுதல். மேற்படி ஃபிக்ரீ என்பவர் தன் சொந்த விருப்பத்தின் பேரில் ஷப்காவைத் திரும்பக் கேட்டுள்ளார். முந்தைய ஏற்பாடு ரத்து. இரண்டாம் தரப்பு ஒத்துழைக்கவும். எடையில் குறையும் இருநூற்று அறுபத்தெட்டு கிராமுக்கு நிலையம் பொறுப்பல்ல."

ரத்து என்பது பெரிய எழுத்தில்தான் இருந்தது.

நாங்கள் ஹாஜின் வீட்டுக்கு ஓடியபோது அவர் வாசலிலேயே நின்றிருந்தார். கையில் சிவப்பு வெல்வெட் பெட்டி. அவர் கோபத்தில் இருப்பார் என்று நினைத்தேன். இல்லை. பத்து வயது கூடினாற்போல இருந்தார்.

"எனக்குத் தெரியும் தம்பி, நீ இதை எழுதலன்னு. ராந்தா எல்லாம் சொல்லிட்டா. ஆனா கடையில பதினோரு பேர் இருந்தாங்க. ஒவ்வொருத்தன் வீடா போயி, எந்த எழுத்துமேல எந்தக் குறின்னு நான் பாடம் நடத்த முடியுமா? கேட்டவன் காதுல பொண்ணை வேணாம்னுட்டாங்கன்னு ஏறிடுச்சு. இனிமே நான் உனக்குக் குடுத்தா, கெஞ்சிக் குடுத்ததா ஆகும்."

"நான் கெஞ்சுறேன் ஹாஜ். கடைக்கு வந்து அத்தனை பேர் முன்னாடியும் கெஞ்சுறேன்."

"முத்திரைக்கு முன்னாடி உன் கெஞ்சல் எடுபடாதுப்பா."

உள்ளேயிருந்து ராந்தா வந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது. அப்பாவையும் பார்க்கவில்லை, ஃபிக்ரீயையும் பார்க்கவில்லை. அந்தப் பெட்டியைத்தான் பார்த்தாள்.

"பதினொரு கேள்வி கேட்டாங்களே. என்கிட்ட ஒண்ணாவது கேட்டாங்களா?" என்றாள். ஹாஜ் பெட்டியை ஃபிக்ரீயின் கையில் திணித்துவிட்டுக் கதவைச் சாத்தினார்.

ரமதான் வந்தது, போயிற்று. ஃபிக்ரீ கெய்ரோக் கம்பெனிக்கு வேலையை விட்டுவிடுவதாக எழுதினான். இனி வீட்டுக்குள் உட்கார முடியவில்லை என்றான். லிபியாவில் மிஸ்ராத்தாவுக்குப் போய் ஒரு சிமெண்ட் கிடங்கில் சேர்ந்தான். நாள் முழுக்க நின்றுகொண்டே செய்யும் வேலை. பஸ் கிளம்பும்போதுகூட அவன் யாரையும் திட்டவில்லை. அவனுக்கும் சேர்த்து நஸீஃப் திட்டினான்.

அவன் போய் மூன்று வாரம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை, டிவிக்கு மேல் பச்சை விளக்கு தானாக எரிந்தது. கூடவே கடிதமும் வந்தது. கோப்பு ரத்தானதை மேல்மாடியிலிருந்து யாரும் கீழ்மாடிக்குச் சொல்லவில்லை போலிருக்கிறது. ஷபகாவை மூவர் சமமாகப் பகிர்ந்துகொள்ள அனுமதி அளிக்கப்படுகிறது, நிபந்தனைகளுக்கு உட்பட்டு. இந்த முறை அது வலைதான்.

நிபந்தனைகளைச் சரிபார்க்க மறுவாரம் குழு வந்தது. மெத்வல்லி, முத்திரைக்காரர், ஏணியோடு லைன்மேன். மெத்வல்லி கம்ப்யூட்டர்களை எண்ணினார். எங்களை எண்ணினார். மறுபடி எண்ணினார்.

"ரெண்டு பேர்தான் இருக்கீங்க. அனுமதி மூணு பேருக்கு. இது விதிமீறல் ஆச்சே. மூணாவது ஆள் எங்க?"

நஸீஃப் எழுந்து உள்ளே போய்விட்டான். இருந்திருந்தால் அடித்திருப்பான்.

"லிபியா போயிட்டான்" என்றேன்.

"யாரைக் கேட்டுப் போனாரு?"

"நீங்கதான் அனுப்பினீங்க."

மெத்வல்லியின் முகம் தெளிந்தது. பேனாவைத் திறந்து, வாயால் சொல்லிக்கொண்டே எழுதினார்: "மூன்றாம் நபர், நிலையத்தின் நடவடிக்கையின்படி வெளிநாடு சென்றுள்ளார்." பிறகு தாளை என் பக்கம் திருப்பி, கையெழுத்துப் போடச் சொன்னார்.

ஒரு தடவைக்கு இரண்டு தடவை வாசித்தேன். அந்தக் கோப்பில் இருந்த உண்மையான வரி அது ஒன்றுதான். கையெழுத்துப் போட்டேன்.